தங்கச்சிமடத்தில் வீடு, மாதம் ஒருமுறை மதுரைப் பயணம்: பெட்ரோல் காரா, டீசல் காரா?

கேள்வி: தங்கச்சிமடம் ஆசிரியை

வணக்கம். எங்கள் குடும்பத்தில் முதன்முறையாகக் கார் வாங்கப் போகிறோம். மூன்று வாரங்களாக இரவுச் சாப்பாட்டு நேரத்தில் இதே வாக்குவாதம்தான். விவரம் தெரிந்தவர்கள் சொல்வதைக் கேட்டு முடிவு செய்யலாம் என்று இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு தங்கச்சிமடத்தில். வேலை மண்டபம் அருகே ஓர் அரசுப் பள்ளியில். போகப் பத்து, பதினோரு கிலோமீட்டர். வர அதே தூரம். நடுவில் பாம்பன் சாலைப் பாலம். பதினான்கு ஆண்டுகளாக அந்தப் பாலத்தைப் பஸ்ஸிலும் ஸ்கூட்டரிலும் கடக்கிறேன். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பாலத்தின் மேட்டில் ஏறும்போது ஸ்கூட்டரை ஓரமாகத் தள்ளும். பள்ளிக்குப் போய் இறங்கினால் மூக்குக் கண்ணாடியில் உப்பு படிந்திருக்கும். அதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. கார் வாங்குவது அம்மாவுக்காக.

அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. மாதம் ஒருமுறை மதுரைக்குப் போய் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒரு வழிக்கே சுமார் 165 கிலோமீட்டர். இதுவரை பஸ்ஸில்தான் அழைத்துப் போய் வந்தோம். போன மாதம் திரும்பி வரும்போது பரமக்குடி தாண்டியதும் அவருக்குக் குமட்டல் வந்துவிட்டது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, ராமநாதபுரம் வரும்வரை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த எனக்கே பாதி வழியில்தான் தெரிந்தது. கார் வாங்கியே தீருவது என்று அன்றிரவு முடிவு செய்தேன்.

அப்பா முப்பத்தொரு ஆண்டுகள் விசைப்படகில் டிரைவராக இருந்தவர். அவரைப் பொறுத்தவரை இன்ஜின் என்றால் டீசல். ஒருமுறை நடுக்கடலில் தண்ணீர் பம்ப் பழுதாகி, விடிய விடிய வாளியால் கடல்நீரை மொண்டு ஊற்றி இன்ஜினைக் குளிரவைத்தே கரை சேர்ந்திருக்கிறார்கள். "அந்த இன்ஜின்தான் உங்களையெல்லாம் வளர்த்தது. நம்பி ஆள் ஏறுகிற வண்டிக்கு டீசல்தான் வேண்டும்" என்கிறார். அவர் அப்படிச் சொல்லும்போது என்னால் எதிர்த்துப் பேச முடிவதில்லை. கணவர் பெட்ரோல் பக்கம். டீசல் காரைப் பத்து ஆண்டுகளில் ஒழித்துக்கட்டச் சொல்லிவிடுவார்கள் என்பது அவருடைய பயம்.

நாங்கள் பார்த்த கார் இரண்டு வகையிலும் கிடைக்கிறது. நான்கு மீட்டர் நீளத்துக்கு உட்பட்ட வண்டி. பெட்ரோலுக்கு 9.6 லட்சம், டீசலுக்கு 10.9 லட்சம் என்று விலை எழுதிக் கொடுத்தார்கள். டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடிக்க இருக்கும் வடிகட்டியைப் பற்றி விற்பனையாளரிடம் கேட்டேன். "அதெல்லாம் தானாகச் சுத்தமாகிக்கொள்ளும் மேடம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அவ்வளவு எளிதான விஷயம்தானா? பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறதே, இந்த ஈரக் காற்றில் அது கெடுதல் செய்யுமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உறவினர் ஒருவர், "டீசல் வாங்கினால் படகுக்கு வரும் வரிவிலக்கு டீசலில் கொஞ்சம் எடுத்து ஊற்றிக்கொள்ளலாம்" என்றார். அப்பா அவரை அந்தப் பேச்சோடு எழுப்பி வெளியே அனுப்பிவிட்டார். அது டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகிறவனுடைய பங்கு. அதைப் பற்றி யாரும் யோசனை சொல்ல வேண்டாம்.

பதில் 1: கீழக்கரை வாடகைக்கார் ஓட்டுநர்

சகோதரி, உங்கள் அப்பா சொல்வது சரி என்பதே என் கருத்து. நான் பதினாறு ஆண்டுகளாக டீசல் வண்டிதான் ஓட்டுகிறேன். கீழக்கரையிலிருந்து மதுரை விமான நிலையம், திருச்சி விமான நிலையம் என்று வெளிநாட்டுப் பயணிகளைக் கொண்டுபோய் விடுவதும் அழைத்து வருவதும் என் தொழில். மாதம் மூவாயிரம் கிலோமீட்டருக்குக் குறையாது. ஆறு பேர், மேலே பெட்டிகள், ஏ.சி. முழு வேகத்தில். அப்படி ஏற்றிக்கொண்டு பார்த்திபனூர் பக்கம் ஒரு லாரியை முந்த வேண்டும் என்றால் டீசல் இழுக்கிற இழுப்பே தனி. கியரை மாற்றக்கூட வேண்டியதில்லை.

இப்போது ஓட்டுவது 2021இல் வாங்கியது. ஒரு லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. வடிகட்டி விளக்கு ஒரே ஒருமுறைதான் எரிந்தது. அது ஊரடங்கில் வண்டி தெருவுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த சமயம். தேவிபட்டினம் வரை ஒரே சீராக ஓட்டிவிட்டு வந்தேன், அணைந்துவிட்டது. அதற்குப் பிறகு வரவே இல்லை.

மதுரைப் பயணத்தில் அம்மாவுக்குக் களைப்புத் தெரியக் கூடாது என்றால் டீசல் எடுங்கள். டீசல் விலையும் குறைவு.

பதில் 2: உச்சிப்புளி பட்டறைக்காரர்

டீச்சர், கீழக்கரைத் தம்பி எழுதியது அவர் ஓட்டத்துக்கு முழுக்கச் சரி. அவர் கேட்டிருந்தால் நானும் டீசல் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அவர் வண்டி ஓடுகிற விதமும் உங்கள் வண்டி ஓடப்போகிற விதமும் வேறு.

முதலில் வடிகட்டி. 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நாடு முழுவதும் பி.எஸ். 6 என்ற வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. அதற்குப் பிறகு வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்க ஒரு வடிகட்டி உண்டு, டி.பி.எஃப். என்பார்கள். தேன்கூடு மாதிரி நுண்ணிய துளைகள் உள்ள பீங்கான் உருளை. கரி சேரச் சேர அதை எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்குக் கிட்டத்தட்ட 600 டிகிரி சூடு வேண்டும். நெடுஞ்சாலையில் இருபது, முப்பது நிமிடம் நிற்காமல் ஓடினால்தான் அந்தச் சூடு நிலைக்கும். "தானாகச் சுத்தமாகிக்கொள்ளும்" என்று உங்களிடம் சொன்னது பொய் அல்ல. எப்போது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

உங்கள் வண்டி காலையில் கிளம்பும். தங்கச்சிமடம் கடைத்தெருவில் நின்று நின்று போகும். பாலத்தில் சுற்றுலா வண்டிகள் ஓரங்கட்டி நிற்பதால் ஊர்ந்து போகும். இன்ஜின் நன்றாகச் சூடேறும் நேரத்தில் நீங்கள் பள்ளி வாசலில் இருப்பீர்கள். மாலையிலும் அதே கதை. கரி சேர்ந்ததும் வண்டி அதை எரிக்கப் பார்க்கும். அதற்காகக் கூடுதலாக டீசலைத் தெளிக்கும். பாதியில் நீங்கள் நிறுத்திவிட்டால், தெளித்த டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கும். என் பட்டறைக்கு வந்த சில வண்டிகளில் ஆயில் அளவுகோலை எடுத்துப் பார்த்தால், குறைய வேண்டிய ஆயில் கூடியிருக்கும். முகர்ந்தால் டீசல் வாடை. தண்ணீரான அந்த ஆயிலில் ஓடினால் இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டுகிற டர்போவும் பேரிங்குகளும் தேயும்.

மாதம் ஒருமுறை மதுரை போகிறேனே, அதில் எரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். அந்தப் பயணம் நிச்சயம் உதவும். ஆனால் நடுவில் இருபத்தைந்து நாள் சேர்கிற கரி அந்த ஒரு நாளுக்காகக் காத்திருக்காது.

உங்கள் அப்பாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். நானும் பட்டறை வைப்பதற்கு முன் எட்டு ஆண்டுகள் பாம்பனில் படகு இன்ஜின் வேலை பார்த்தவன்தான். அவருடைய இன்ஜின் ஒருமுறை கிளம்பினால் மறுநாள்வரை ஓடும், அதுவும் மடிவலையை இழுத்துக்கொண்டு முழுச் சுமையில். அதே இன்ஜினைத் தினமும் பதினைந்து நிமிடம் மட்டும் ஓட்டி நிறுத்தச் சொன்னால் அவர் சம்மதிப்பாரா? அவர் என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள்.

இனிக் கணக்கு. 2012இல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு இருபத்தைந்து ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. அந்தக் காலத்தில் பதிந்த நினைப்புதான் "டீசல் மலிவு" என்பது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. இப்போது வித்தியாசம் எட்டு, ஒன்பது ரூபாய்தான். பெட்ரோல் 102, டீசல் 94 என்று வைத்துக்கொள்வோம். நம் சாலையில் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டரும் டீசல் வண்டி 20 கிலோமீட்டரும் கொடுத்தால், கிலோமீட்டருக்குப் பெட்ரோலில் 6.80 ரூபாய், டீசலில் 4.70 ரூபாய். மிச்சம் 2.10 ரூபாய்.

வண்டி விலையில் நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது 1,30,000 ரூபாய். பலரும் கவனிக்காத இடம் இதற்கு அடுத்தது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் சாலை வரியை மாற்றினார்கள். ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 13 சதவீதம். பத்து லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம். உங்கள் பெட்ரோல் வண்டி பத்துக்குக் கீழே நிற்கிறது. டீசல் அதைத் தாண்டிவிடுகிறது. 9.6 லட்சத்துக்கு வரி 1,24,800. 10.9 லட்சத்துக்கு 1,96,200. இதில் மட்டும் 71,400 ரூபாய் வித்தியாசம். ஆக டீசலுக்காக நீங்கள் முன்கூட்டியே கட்டுவது இரண்டு லட்சத்துக்கு மேல். கிலோமீட்டருக்கு 2.10 வீதம் அதை மீட்க 95,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும்.

பள்ளி நாள் 220 என்றால் தினசரி ஓட்டம் ஆண்டுக்கு ஐயாயிரம். மதுரைக்குப் பன்னிரண்டு முறை போனால் நாலாயிரம். மொத்தம் ஒன்பதாயிரம். போட்ட பணம் திரும்பப் பத்தரை ஆண்டுகள் ஆகும். அதற்குள் வடிகட்டி ஒருமுறை மக்கர் செய்தால் கணக்கே முறிந்துவிடும். கீழக்கரைத் தம்பி இதே பணத்தை மூன்று ஆண்டுகளுக்குள் மீட்டுவிடுவார். அதனால் அவருக்கு டீசல்.

உங்கள் கணவரின் பயத்துக்கு ஒரு வார்த்தை. பத்து ஆண்டுக் கட்டுப்பாடு வந்தது டெல்லியிலும் அதன் சுற்றுப்பகுதியிலும்தான். நம் ஊரில் பதினைந்து ஆண்டு பதிவு, பிறகு சோதனை செய்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். டீசலை வேண்டாம் என்று சொல்ல அது காரணம் இல்லை.

எத்தனால் பற்றி: 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்கள் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ரப்பர், குழாய்களோடு வருகின்றன. மைலேஜ் சற்றுக் குறையும். எத்தனாலில் உள்ள சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால்தான். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதும் உண்மை. தினமும் ஓடுகிற வண்டியில் அது பெரிய விஷயமாகாது. கோடை விடுமுறையில் வண்டியை நிறுத்திவைப்பதாக இருந்தால் டேங்கைப் பாதியாக விடாமல் நிரப்பி வையுங்கள். உள்ளே காற்றுக்கு இடம் குறைந்தால் ஈரத்துக்கும் இடம் குறையும்.

பதில் 3: தொண்டி மீன் வியாபாரி

பட்டறைக்காரர் எழுதியது அப்படியே எனக்கு நடந்தது. வீட்டிலிருந்து மீன் இறங்கும் இடத்துக்கு நாலு கிலோமீட்டர். விடியற்காலை மூன்றரைக்குப் போவேன், ஏலம் முடிந்து ஏழு மணிக்குத் திரும்புவேன். புது டீசல் கார், பதினான்காவது மாதம் விளக்கு எரிந்தது. "நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள்" என்றார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மீமிசல் தாண்டிப் போய்விட்டு வந்தேன். அணைந்தது. மூன்று வாரத்தில் மறுபடி எரிந்தது. இப்படி ஐந்து முறை. கடைசியில் வண்டி வேகம் எடுக்கவே மறுத்துவிட்டது. வடிகட்டியை மாற்ற அரை லட்சத்துக்கு மேல் ஆனது. ஓட்டும் முறையால் வந்த கோளாறு என்று சொல்லி உத்தரவாதத்தில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். நான் எப்படி ஓட்டுவேன் என்று வாங்கும்போது யாராவது கேட்டார்களா? அதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை. சகோதரி, உங்களிடமும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பதில் 4: தேவிபட்டினத்திலிருந்து

2020க்கு முந்தைய பழைய டீசல் கார் ஒன்றைப் பார்க்கலாமே? அந்தக் காலத்துச் சிறிய டீசல் கார்கள் பெரும்பாலானவற்றில் இந்த வடிகட்டி கிடையாது. என்னிடம் 2015 மாடல் இருக்கிறது, தொந்தரவில்லாமல் ஓடுகிறது.

பதில் 5: உச்சிப்புளி பட்டறைக்காரர்

நல்ல யோசனைதான். ஆனால் நம் கரையில் ஓடிய பழைய வண்டி என்றால் இன்ஜினைப் பார்க்கும் முன் வண்டியைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பெயின்ட் புதிதாக மின்னும். அடியில் சுத்தியலால் மெல்லத் தட்டினால் பொருக்குப் பொருக்காக உதிரும். அம்மாவை ஏற்றிக்கொண்டு இரவில் திரும்புகிற வண்டியில் அந்தச் சோதனை வேண்டாம்.

உப்பைப் பற்றி எல்லோருக்குமே சொல்கிறேன். 2025 ஏப்ரலில் திறந்தார்களே புதிய பாம்பன் ரயில் பாலம், அதற்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்ஸேன் என்ற துருத்தடுப்புப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். அந்தக் கடல்காற்றின் கடுமை அப்படி. டீச்சர் வண்டி அதன் பக்கத்திலேயே நாளுக்கு இரண்டு முறை போகப் போகிறது. பெட்ரோலோ டீசலோ, வண்டி கைக்கு வந்த வாரமே அடிப்பக்கத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு அடித்துவிடுங்கள். கச்சான் காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் அடிப்பக்கம் கழுவ வேண்டும். போர்வெல் தண்ணீர் கரிப்பாக இருந்தால் அதில் கழுவாதீர்கள்.

சைலன்ஸருக்கு உள்ளேயும் துரு வரும். ஒரு லிட்டர் எரிபொருள் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே போகிறது. வண்டி சூடாவதற்குள் நிறுத்தினால் அந்த ஆவி சைலன்ஸருக்குள்ளேயே குளிர்ந்து தங்கிவிடும். பெட்ரோல் வண்டிக்கும் இது உண்டு. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஒருமுறையாவது உச்சிப்புளி வரை நீட்டி ஓட்டிவிட்டு வாருங்கள். என் பட்டறையில் தேநீர் உண்டு.

பெட்ரோலில் டர்போ இல்லாத சாதாரண இன்ஜினை எடுங்கள். உங்கள் ஓட்டத்துக்கு அது போதும்.

கேள்வி கேட்டவர்: தங்கச்சிமடம் ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. தொண்டி அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு அந்தக் கேள்வியையே விற்பனையாளரிடம் கேட்டேன்: "நான் தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவேன் என்று நீங்கள் ஏன் கேட்கவில்லை?" அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "உங்களுக்குப் பெட்ரோல்தான் மேடம் பொருந்தும்" என்றார்.

பட்டறைக்காரர் ஐயா அப்பாவிடம் கேட்கச் சொன்னதை நேற்று மாலை கேட்டேன். வாசல் திண்ணையில் பழைய வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். இன்ஜினைத் தினமும் பதினைந்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் என்ன ஆகும் என்றதும் கையை நிறுத்திவிட்டார். மீன்பிடித் தடைக்காலத்தில், அந்த 61 நாட்களில், படகு முதலாளி ஒருவர் நாள் தவறாமல் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தச் சொல்வாராம். அப்பாவுக்கு அது பிடிக்கவே பிடிக்காதாம். "சுமை இல்லாமல், சூடேறாமல் ஓடுகிற டீசல் இன்ஜின் கரி கட்டும். குழாயில் பிசுபிசு என்று கறுப்பாக வழியும். ஜூன் மாதம் கடலுக்குப் போனதும் முதல் நாள் முழுக்க அந்தக் கரியைத் துப்பிக்கொண்டே ஓடும்" என்றார்.

பிறகு அவரே கேட்டார்: "உன் வண்டி அப்படித்தான் ஓடப் போகிறதா?"

ஆமாம் என்றேன். வடிகட்டியின் வேலையை விளக்கினேன். கரியைத் துப்பவிடாமல் பிடித்துவைக்கிற பெட்டி என்றதும் அவருக்கு உடனே விளங்கிவிட்டது. பட்டறைக்காரர் போட்ட கணக்கைக்கூட அவர் கேட்கவில்லை. "அப்படியென்றால் பெட்ரோல் எடு. ஓடுகிற தூரத்துக்கு ஏற்ற இன்ஜின்தான் நல்ல இன்ஜின்" என்று சொல்லிவிட்டு மறுபடி வலையைக் கையில் எடுத்தார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவர் பேச்சை மீறி வாங்கப் போகிறோமே என்று மூன்று வாரம் தவித்தேன்.

இன்று காலை ஓட்டிப் பார்ப்பதற்காகக் காரை வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துப் பாம்பன் பாலம் வரை போய் வந்தோம். அப்பா முன்னால் உட்கார்ந்து இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தார். பாலத்து மேட்டில் மூன்றாவது கியரில் ஏறியபோது, "சத்தமே இல்லையே, ஓடுகிறதா?" என்றார். அவருக்கு அது குறைதான். அம்மாவுக்கு அதுவே பிடித்திருந்தது. அதிர்வு இல்லை என்றார்.

வெள்ளிக்கிழமை முன்பணம் கட்டுகிறோம். டர்போ இல்லாத பெட்ரோல், 9.6 லட்சம், 13 சதவீத வரி. வண்டி வந்த முதல் ஞாயிறு, ஐயா, பூச்சுக்கு உச்சிப்புளிக்குக் கொண்டுவருகிறேன். ஓரியூர் கோயிலுக்குப் போகிற வழியில் தொண்டி அண்ணனையும் பார்க்க வேண்டும்.

அம்மா இத்தனை நாளும் பெட்ரோல், டீசல் பேச்சில் கலந்துகொள்ளவே இல்லை. இன்று இறங்கும்போது ஒன்று மட்டும் கேட்டார்: பின்கதவுக் கண்ணாடி முழுவதும் கீழே இறங்குமா என்று. நானே இறக்கிக் காட்டினேன். முழுவதும் இறங்குகிறது.